கண்டறிதலும் சரிபார்த்தலும்

1976 ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து அர்பானா நகரிலே, கணிதப் பேராசிரியர் இருவரின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கான தாள்களில் வரையப்பட்டிருந்த வலையுருவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தனர். கென்னத் அப்பெல், வொல்ப்காங் ஹாக்கென் என்னும் அவ்விரு பேராசிரியரும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராதிருந்த ஒரு வினாவைத் தீர்த்துவிட்டதாக நம்பினர். நம்பினர் என்றே சொல்லவேண்டியிருக்கிறது. அவர்களது நிறுவலின் ஒரு பகுதியைக் கணனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் இயங்கி முடித்திருந்தது. மற்றொரு பகுதி அவர்களே கையால் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்களிற் கிடந்தது. கணனி செய்ததை மனிதர் எவரும் முழுமையாகப் பார்க்கவில்லை, பார்க்கவும் இயலாது. மனிதர் செய்ததையோ பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர்.

வினா மிக எளிது. கலைப்பீடத்து மாணவரும் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்ளக்கூடியது. தேசப்படம் ஒன்றிலே பொது எல்லையுடைய இரு நாடுகளுக்கு ஒரே நிறம் அமையாதவாறு நிறந்தீட்டுவதற்கு எத்தனை நிறங்கள் வேண்டும்? 1852 இல் இங்கிலாந்தின் மாவட்டங்களைக் காட்டும் படத்துக்கு நிறந்தீட்டிக்கொண்டிருந்த பிரான்சிஸ் கத்ரி என்னும் இளைஞர் நான்கு போதும் எனக் கண்டார். எந்தப் படத்துக்கும் நான்கு போதுமா என்பதே அவர் எழுப்பிய ஐயம். 1879 இல் அல்பிரட் கெம்பே என்பார் ஒரு நிறுவலை வெளியிட்டார். சட்டத்தரணியாகத் தொழில் புரிந்த அவர் கணிதத்திலும் நற்பெயர் பெற்றவர். கற்றோர் அவரது நிறுவலை ஏற்றுக்கொண்டனர். பதினொரு ஆண்டுகள் கழிந்தபின், 1890 இல், பேர்சி ஹீவூட் அதனை மீண்டும் வாசித்து அதிலிருந்த பிழையைச் சுட்டினார்.

இந்தப் பதினொரு ஆண்டுகளைச் சற்று நின்று நோக்குதல் தகும். கணிதத்திலே நிறுவப்பட்டது நிறுவப்பட்டதுதான், அதில் ஐயத்துக்கு இடமில்லை என்பது பாடசாலையிற் புகட்டப்படுவது. ஆனால் பதினொரு ஆண்டுகள் அறிஞர் உலகம் நிறுவப்படாத ஒன்றை நிறுவப்பட்டதாகக் கொண்டிருந்தது. அதனால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. தேசப்படம் தீட்டுவோர் தமது தொழிலைச் செய்துகொண்டே இருந்தனர். பிழையை மறைத்து வைத்தோரும் எவருமில்லை. கருத்தோடு வாசித்தார் ஒருவர் இல்லாதிருந்தார், அவ்வளவே. ஹீவூட்டின் பெருமை புதிதாக ஒன்றைக் கண்டதில் மட்டும் அன்று. பிறர் படித்து முடித்துவிட்டதாக எண்ணிய பக்கத்தைத் தாம் முடித்துவிட்டதாக எண்ணாமையிலும் அது உண்டு. அழிந்த நிறுவலின் இடிபாட்டிலிருந்து ஐந்து நிறங்கள் எப்படத்துக்கும் போதும் என்னும் தேற்றத்தையும் அவர் கட்டியெழுப்பினார். கெம்பேயின் வழிமுறையும் வீண்போகவில்லை. 1976 ஆம் ஆண்டின் நிறுவல் அதே வழியை மிக விரித்துச் சென்றதேயாகும்.

அப்பெலும் ஹாக்கெனும் தமது முடிபை வெளியிட்டபோது கணிதத் துறையினர் மகிழ்ந்து கொண்டாடினர் என்று எவரேனும் எண்ணினால் அது தவறு. தலைமுறைகளாக முயன்ற வினா தீர்ந்தபோதும் பலரிடத்து ஏமாற்றமே மிஞ்சியது. ஹாக்கெனின் மகன் இந்நிறுவலைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியபின் கண்டதாகக் கூறப்படும் செய்தியொன்று சுவையானது. அவையிலிருந்தோருள் நாற்பது வயதைக் கடந்தவர்கள், கணனி செய்த பகுதியை நம்ப இயலாது என்றனராம். நாற்பதுக்குக் குறைந்தவர்களோ, எழுநூறு பக்கக் கைக்கணக்கை எப்படி நம்புவது என்று கேட்டனராம். இரு சாராரும் தத்தமக்குப் பழக்கமான கருவியையே நம்பினர் என்பதைத் தவிர இதில் வேறு தத்துவம் இருப்பதாகத் தோன்றவில்லை.

தத்துவம் இருப்பதாகக் கண்டவரும் உளர். 1979 இல் தோமஸ் டிமொஸ்கோ என்னும் மெய்யியலாளர் இத்தேற்றத்தை முன்வைத்து ஒரு வாதத்தை எழுப்பினார். நிறுவல் என்பது மனிதர் ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை கண்டு தெளியத்தக்கதாய் இருத்தல் வேண்டும், இது அவ்வாறன்று, கணனி தந்த முடிபை ஏற்பது ஆய்வுகூடத்துப் பரிசோதனையின் முடிபை ஏற்பது போன்றதே, ஆதலால் கணிதமும் இனி அனுபவ அறிவின் சாயலைப் பெற்றுவிட்டது என்பது அவர் கருத்து. மெய்யியல் பயில்வோருக்கு இது கவர்ச்சியான வாதம். ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. ஏனைய நிறுவல்களை மட்டும் ஒவ்வொருவரும் தொடக்கம் முதல் இறுதிவரை கண்டு தெளிந்துதான் ஏற்கின்றனரா? கெம்பேயின் நிறுவல் சில பக்கங்களே கொண்டது. அதனைக் கண்டு தெளிந்தோர் என்று சொல்லிக்கொண்டவர்கள் எதனைக் கண்டனர்?

நான்கு நிறத் தேற்றம் பின்னர் இருமுறை புதுப்பிக்கப்பட்டது. 1997 இல் றொபேட்சன், சான்டர்ஸ், சீமோர், தோமஸ் என்னும் நால்வர், கணனி பார்க்கவேண்டிய உருவங்களை 633 ஆகக் குறைத்து நிறுவலைச் செம்மைப்படுத்தினர். 2005 இல் ஜோர்ஜ் கொந்தியே முழுநிறுவலையும் தருக்கப் படிகளாக எழுதி, அப்படிகளைச் சோதிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட கணனிச் செய்நிரலொன்றின் முன் வைத்து ஒப்புக்கொள்ளச் செய்தார்.

இந்தச் சோதிப்பு எத்தகையது என்பதை இன்னொரு வினாவின் வரலாறு தெளிவாகக் காட்டும். தோடம்பழம் விற்பவர் பழங்களை அடுக்கும் முறையை விட நெருக்கமாகச் சமகோளங்களை அடுக்கமுடியாது என 1611 இல் யொகானஸ் கெப்ளர் ஊகித்தார். அவ்வடுக்கிலே இடத்தின் ஏறத்தாழ 74 சதவீதம் நிரம்புகிறது. பழக்கடைக்காரருக்கு ஐயமேயில்லாத இவ்வுண்மையை நிறுவ 387 ஆண்டுகள் கழிந்தன. 1998 இல் தோமஸ் ஹேல்ஸ், தம் மாணவர் சாமுவேல் பெர்குசனின் துணையுடன் நிறுவலொன்றை எழுதி முடித்தார். நூற்றுக்கணக்கான பக்கங்களும் பெருந்தொகையான கணனிக் கணிப்புகளும் அதில் அடங்கின. புகழ்பெற்ற கணித இதழொன்று பன்னிரு நடுவரை அமர்த்தியது. நான்கைந்து ஆண்டுகள் உழைத்த அவர்கள், நிறுவல் சரியானது என்பதில் 99 சதவீதம் உறுதி உண்டெனவும், முழுமையாகச் சரிபார்க்கும் வலு தம்மிடம் எஞ்சியிருக்கவில்லை எனவும் அறிவித்தனர்.

வேறெவராயினும் இதனோடு அமைந்திருப்பர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிடைத்தபின் எஞ்சிய ஒன்றுக்காக மீண்டும் பரீட்சை எழுதும் மாணவர் எங்குமில்லை. ஹேல்ஸ் எழுதினார். 2003 இல் தொடங்கிய அம்முயற்சி இருபது ஆண்டுகள் எடுக்கலாம் என அவரே மதிப்பிட்டார். நாடுகள் பலவற்றிலிருந்து துணைக்கு வந்தோரோடு உழைத்து, 2014 ஓகஸ்ட் மாதத்தில் நிறுவலின் ஒவ்வோர் அடியும் சோதிக்கப்பட்டது என அறிவித்தார். இத்தகைய சோதனைச் செய்நிரல் தானாக எதனையும் கண்டுபிடிப்பதன்று. சில எடுகோள்களும் சில தருக்க விதிகளும் மட்டுமே அதன் கருவில் உண்டு. தன்முன் வைக்கப்படும் அடி அவ்விதிகளுக்குள் அமைந்ததா என்று மட்டும் அது கேட்கும். ‘இது வெளிப்படை’, ‘இவ்வாறே ஏனையவும்’ என்றெல்லாம் மனிதர் தாண்டிச் செல்லும் இடங்களில் அது தாண்டாது நிற்கும். மிகப் பிடிவாதமான வாசகர் என்று அதனைச் சொல்லலாம்.

தூய கணிதத்தில் பிழையொன்று பதினொரு ஆண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். மருந்திலே அவ்வாறு உறங்க இடமில்லை. ஆகவே சரிபார்த்தல் என்பதன் முழுக் கனத்தையும் அறியவேண்டுமாயின் கணிதத்தை விட்டுச் சிறிது தூரம் செல்லவேண்டும். ஒரு செடியின் இலையிடம் செல்லவேண்டும்.

மலேரியா என்னும் சொல்லை இலங்கையின் மூத்த தலைமுறையினர் எளிதில் மறக்கமாட்டார்கள். 1934 இன் இறுதியிலும் 1935 இன் தொடக்கத்திலும் இத்தீவில் அந்நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெறப்படும் கொயினா நன்கறியப்பட்டிருந்த காலம் அது. அதே மரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்குத் தோட்டங்களிற் பயிரிட்டு, விலை வீழ்ந்ததும் தேயிலைக்காகப் பிடுங்கியெறிந்திருந்தனர். பின்னர் டி.டி.ரி. வந்தது, நோய் ஒடுங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கே மலேரியா கண்டறியப்பட்டது. வென்றுவிட்டோம் என்ற எண்ணத்தில் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோயுற்றோர் தொகை இலட்சக்கணக்கில் உயர்ந்தது. பதினேழு என்ற எண் பொய்யன்று. ஆயினும் அதனை அடுத்தடுத்த ஆண்டும் தேடிப் பார்க்கவேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில், போரில் ஈடுபட்டிருந்த வட வியட்நாமின் படையினர் குளோரோக்குயினுக்கு அடங்காத மலேரியாவினால் வீழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களது வேண்டுகோளின்படி சீனா 1967 மே 23 இல் இரகசிய ஆய்வுத்திட்டமொன்றைத் தொடங்கியது. அந்நாளைக் கொண்டே அது 523 ஆம் திட்டம் எனப்பட்டது. 1969 இல் பெய்ஜிங் நகரின் மரபு மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தூ யூயூ என்னும் பெண்மணி அதில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றார். கலாநிதிப் பட்டமும் வெளிநாட்டுப் பயிற்சியும் அவருக்கு இல்லை. கணவர் பண்பாட்டுப் புரட்சியின் கெடுபிடியால் தூரத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். இரு பெண்பிள்ளைகளையும் பிறர் பொறுப்பில் விட்டே அவர் பணிக்குச் சென்றார்.

அவர் முதலிற் செய்தது ஆய்வுகூடப் பணியன்று, வாசிப்பு. பழைய மருத்துவ நூல்களைப் படித்தும் முதிய மருத்துவர்களைக் கேட்டும் இரண்டாயிரம் அளவிலான மருந்துக் குறிப்புகளைத் தொகுத்தார். அவற்றுள் 640 ஐத் தேர்ந்து ஒரு கையேடாக்கினார். ஏறத்தாழ இருநூறு மூலிகைகளிலிருந்து முந்நூற்றெண்பது சாறுகள் எடுக்கப்பட்டு எலிகளிற் சோதிக்கப்பட்டன. மரிக்கொழுந்தின் இனத்ததாகிய சிங்ஹாவ் என்னும் செடியின் சாறு ஒருமுறை நற்பயன் காட்டியது, மறுமுறை காட்டவில்லை. பயன் தராதது எனத் தள்ளிவிடப் போதிய காரணம் அது.

தூ யூயூ நூல்களிடமே திரும்பினார். நான்காம் நூற்றாண்டிலே கே ஹொங் என்பார் தொகுத்த அவசர மருத்துவக் கைநூலில், காய்ச்சலுக்கு அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு ஒரு குறிப்பு உண்டு. சீன மருத்துவத்தில் மூலிகையைக் கொதிக்கவைத்துக் கஷாயமாக்குவதே வழக்கம். இங்கே கொதிக்கவைத்தல் சொல்லப்படவில்லை. சொல்லப்படாத அந்த ஒன்றை அவர் வாசித்தார். வெப்பம் மருந்தின் வலுவை அழிக்கிறது போலும் என்று கருதி, 35 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 ஒக்டோபர் 4 ஆம் நாள் சோதிக்கப்பட்ட 191 ஆம் மாதிரி எலிகளின் குருதியிலிருந்து மலேரியா ஒட்டுண்ணியை முற்றாக அகற்றியது. பின்னர் குரங்குகளிலும் அவ்வாறே. ஏட்டுச் சுவடிகளிற் பாடபேதம் நோக்குவோர், ஒரு சொல் இருப்பதைப் போலவே ஒரு சொல் இல்லாததையும் கணக்கிற் கொள்வர். இலக்கியம் பயில்வோர் பயனற்ற கல்வி பயில்வதாகக் கூறும் நண்பர்கள் விஞ்ஞானபீடத்திலே பலர் உளர். அவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வாசிப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய நூல் கூறும் சிங்ஹாவ் எந்தச் செடி? சீன மருந்து நூல்களில் அப்பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்கின. மலேரியாவைத் தீர்க்கும் பொருள் தாவரவியலார் ஆர்ட்டிமீசியா அனுவா என வழங்கும் செடியின் இலையிலேயே உண்டு. சிங்ஹாவ் என்ற பெயரையே பெற்றிருந்த அதன் உறவுச் செடியில் இல்லை. பெயரை நம்பியவர் மருந்தை இழந்திருப்பார். அறிஞர் பெயரிலும் ஒரு புதுமை உண்டு. யூயூ என்பது மான்கள் எழுப்பும் ஒலி. சீனரின் தொன்மையான கவிதைத் தொகுப்பிலிருந்து தந்தையார் எடுத்து இட்டது. அக்கவிதையில் அம்மான்கள் மேய்வதும் இவ்வினத்துச் செடியையே. இதனை ஊழ் என்று கொள்வோர் கொள்க. தற்செயல் என்று விடுதலே நன்று.

விலங்குகளிற் பயன் கண்டபின்னும் மனிதருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி நின்றது. சில விலங்குகளில் நச்சுத்தன்மை குறித்த ஐயம் தோன்றியிருந்தது. நோய்ப் பருவமோ கடந்துகொண்டிருந்தது. 1972 இல் தூ யூயூவும் உடன் பணிபுரிந்தோர் இருவரும் வைத்தியசாலையில் மேற்பார்வையின் கீழ் அச்சாற்றைத் தாமே உட்கொண்டனர். கணிதத்தின் நிறுவலை நடுவர் பன்னிருவர் சரிபார்த்தனர். இங்கே சரிபார்த்தது அவர்களது ஈரல். தீங்கின்மை தெரிந்தபின் ஹைனான் தீவில் நோயாளர் இருபத்தொருவருக்கு அது அளிக்கப்பட்டுப் பயன் கண்டது. அவ்வாண்டிலேயே ஆர்ட்டிமிசினின் எனப்படும் தூய பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1977 இல் வெளிவந்த முதற் கட்டுரையில் எவர் பெயரும் இல்லை. நோபல் பரிசு 2015 இல் வந்தது. அப்போது அவருக்கு 84 வயது.

பரிசோடு கதை முடியவில்லை. இம்மருந்தைத் தனியே கொடுத்தால் ஒட்டுண்ணி விரைவில் அதற்குப் பழகிவிடும் என்பதால், வேறு மருந்தோடு சேர்த்தே கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வற்புறுத்தியது. எனினும் சில ஆண்டுகளுள் கம்போடியாவின் மேற்கெல்லையில் மருந்து மெதுவாகவே வேலைசெய்வதாக அறியப்பட்டது. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடு எனச் சான்று பெற்றது. குருதிச் சோதனைகள் அதன்பின்னும் நடைபெறுகின்றன. 1963 இன் பதினேழை மறவாதிருந்தமையே அதற்குக் காரணமாகலாம்.

சிங்ஹாவ் எந்தச் செடி என்ற சிக்கல் கணிதத்துக்குப் புறம்பானதன்று. 2020 டிசம்பரில், பில்ட்ஸ் பதக்கம் பெற்ற ஜேர்மனியக் கணிதவியலாளர் பீட்டர் ஷொல்ஸ், தாம் எழுதிய நிறுவலொன்றில் தமக்கே முழு நம்பிக்கை இல்லையென வெளிப்படையாக அறிவித்து, கணனியின் துணையோடு சோதிப்பார் உளரா என்று கேட்டார். ஏனையோர் தமது பெயரை நம்பி நுணுகிப் பாராமல் ஏற்றுவிடுவர் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. புகழின் உச்சியில் உள்ள ஒருவர் தமது புகழையே பிழைக்கு வாயிலாகக் கண்டு அஞ்சியமை போற்றத்தக்கது. யொகான் கொம்மெலின் முதலானோர் லீன் என்னும் செய்நிரலைக் கொண்டு அப்பணியை 2022 ஜூலையில் முடித்தனர். ஆனால் செய்நிரல் ஒப்புக்கொண்டதும் வேலை முடிந்துவிடவில்லை. செய்நிரல் அடிகளைச் சோதிக்கும். அவ்வடிகளில் வரும் வரைவிலக்கணங்கள் கணிதவியலார் கருதிய பொருளையே குறிக்கின்றனவா என்பதை அது அறியாது. வேறொரு செடிக்கு அதே பெயரை இட்டிருந்தாலும் அது அமைதியாகத் தலையசைக்கும். ஆகவே அக்குழுவினர், தாம் வகுத்த ஒவ்வொரு முக்கிய வரைவிலக்கணமும் உரிய பொருளையே தருகிறது என்பதை வாசகர் தாமே கண்டு தெளியுமாறு எடுத்துக்காட்டுகள் சிலவற்றைத் தனியே எழுதி இணைத்தனர்.

2024 இல் கணனிகள் இன்னும் ஓரடி முன்வைத்தன. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் போட்டியின் ஆறு வினாக்களில் நான்கைத் தீர்த்து, 42 இல் 28 புள்ளிகளுக்கு உரிய விடைகளை கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் செய்நிரல்கள் எழுதின. அவ்வினாக்களைச் செய்நிரலுக்கு விளங்கும் வரைவிலக்கண மொழியில் முன்கூட்டியே பெயர்த்துக் கொடுத்தவர்கள் மனிதர். 2025 இல் அந்தப் பெயர்ப்பும் வேண்டியிருக்கவில்லை. வினாத்தாளை மாணவர் வாசிப்பது போலவே வாசித்து, மாணவர் எழுதுவது போலவே விடையெழுதி 35 புள்ளிகள் பெற்றன. அந்த விடைகளை ஒவ்வொரு வரியாக வாசித்துப் புள்ளியிட்டவர்கள், மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும் அதே போட்டியின் மதிப்பீட்டாளர்கள்.